எடைமேடைக்கு லீவு

வருஷத்துக்கு ஒருநாள்
எங்கள் எடைமேடைக்கு முத்திரை போட ஆபீசர் வருவார்.
எர்ணாவூர் யார்டில் அன்றைக்கு வண்டி ஏறாது,
எனக்குச் சீட்டு அடிக்கும் வேலையில்லை.
கிரேன் தேசிங்குதான் ஆரம்பித்தார்:
"சும்மா உக்காந்து இன்னா பண்ணப்போறோம்,
அந்தக் கல்திட்டையப் பாத்துட்டு வந்துரலாம்.
ஃபாரின்காரன்லாம் வந்து படம் புடிக்கிறான்."
அவர் சம்சாரம் ஜெபமணி சிரித்த சிரிப்பில்
தூக்குவாளி மூடி கழன்று உருண்டது.
"வருஷம் பூரா கல்லு.
மிச்சம் ஒருநாளு. அதுலயும் கல்லா?"

விம்கோ நகரில் மெட்ரோ, மண்ணடியில் இறக்கம்,
பீச் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டி.
ஜன்னலோரம் அவர்கள் பையன் கபிலேஷ்,
ஸ்கூலுக்குக் காய்ச்சல் என்று சொல்லியாகிவிட்டது.
தாம்பரம் தாண்டியதும் கேட்டான்,
"இங்க காத்துல ஏன் ஒரு நாத்தமும் இல்ல?"
மணலி மூக்கு அவனுக்கு.

ஷேர் ஆட்டோ விட்ட இடத்திலிருந்து
வேலிக்காத்தான் நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர்.
நீலப் பலகை: பாதுகாக்கப்பட்ட சின்னம்,
எடுத்தாலும் கீறினாலும் தண்டனை.
கபிலேஷ் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான்.
பிறகு அது.
நாலு பலகைக்கல் செங்குத்தாய், மேலே ஒரு மூடுகல்.
அவ்வளவுதான்.
"இதுக்கா இம்மாந்தூரம்?" என்றாள் ஜெபமணி,
செருப்பிலிருந்து முள் பிடுங்கியபடி.

எனக்கு வேறு பார்வை வராது.
எட்டடி நீளம், ஆறடி அகலம், கனம் ஓரடி.
மூன்றரை டன், கூடக்குறைய நூறு கிலோ.
தேசிங்கு சுற்றிச் சுற்றி வந்தார்,
சங்கிலி மாட்டிய தடம் தேடி.
ஓரத்தைத் தடவினார். குனிந்து தோளைக் கொடுத்தார்,
நின்றுபோன பஸ்ஸைத் தள்ளுகிறவர் மாதிரி.
"நாப்பது பேரு," என்றார் கடைசியில்.
"நாப்பது பேரும் ஒரே நேரத்துல மூச்சு புடிச்சிருக்கணும்.
நம்ம யார்டுல நாலு பேரு சேந்தா மூணு சங்கம்."

கிழக்குக் கல்லில் ஒரு வட்டத் துளை.
கபிலேஷ் தலையை நுழைத்து ஹலோ என்றான்.
ஓணான் ஒன்று எதிர்ப்பக்கம் ஓடியது.
"யாருக்குப்பா கட்னாங்க?"
பலகையில் வயது இருந்தது. பெயர் இல்லை.

எலுமிச்சை சோறும் சங்கரா வறுவலும்
மூடுகல் நிழலிலேயே பிரித்தோம்.
செத்தவர் வாசலில் சாப்பிடும் கூச்சம்
முதல் கவளம்வரைக்கும்தான்.
அப்போது ஜெபமணி, யாரையும் பார்க்காமல்:
"எங்கம்மாவுக்குக் காசிமேட்டுல தனிக் குழி கெடைக்கல.
அண்ணன் குழியையே தோண்டி
அவன்மேலயே வெச்சோம்.
நாளைக்கு எனக்கும் அங்கதான்.
மூணாவது மாடி."
தேசிங்கு மீன் முள் எடுப்பதில் கவனமானார்.
கிளம்பும்போது அவள் மட்டும் திரும்பிப் போய்
அந்தக் கல்லை இரண்டு தட்டு தட்டினாள்,
சர்க்கரை கடன் கேட்டுப் பக்கத்துவீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.

இரவு ஒன்பதரை.
எக்ஸ்பிரஸ் சாலையில் ட்ரெய்லர் வரிசை.
நாளைக்கு நான் எடைபோட வேண்டிய கல்லெல்லாம்
தார்ப்பாய் இல்லாமல் நிலவில் கிடந்தது.
ஒவ்வொன்றும் இருபது டன் இருக்கும்,
எதற்கும் நாற்பது பேர் மூச்சுப் பிடித்ததில்லை.
வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டார்.
கம்பியில் புது ஈய முத்திரை,
வெளித்திரையில் சிவப்பாய்ப் பூஜ்யம்.
"நிக்கலாமா?" என்றான் கபிலேஷ்.
நின்றோம் நாலு பேரும்,
அறுபது டன்னுக்குக் கட்டிய மேடையில்.
இருநூற்றைம்பது காட்டியது.
"நான்தான் பாதி," என்றாள் ஜெபமணி.

பையன் செங்கல்பட்டிலிருந்தே
கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.
விரலிடுக்கில் ஒரு சில்லு, புளியங்கொட்டை அளவு.
பலகையைப் படித்தவன்தான்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
எங்கள் மேடை
பத்துக் கிலோவுக்குக் கீழே எதையும் சொல்லாது.
நானும் சொல்லவில்லை.